பூந்தமல்லி கடைசியில் வந்த நாள்

கங்கையம்மாளுக்குக் கேள்வி கேட்கிற வியாதி இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவளுடையது. காலையில் ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை தார் சுற்றுவாள். அதாவது, தறியில் குறுக்கே பாய்கிற ஓடமான நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் பட்டு நூலைச் சுற்றிக் கொடுப்பது. கை நூலில் இருக்கும், கண் தெருவில் இருக்கும். வளையல்காரன் போனால் அவனிடம் ஒரு கேள்வி, தபால்காரர் போனால் அவரிடம் இரண்டு. ஒரு தடவை வழிதவறி வந்த வெள்ளைக்காரரை நிறுத்தி, சைகையிலேயே அவர் ஊரில் மழைக்காலம் எது என்பதைத் தெரிந்துகொண்டாள். அவர் பதில் சொல்லிவிட்டு அழுதுகொண்டே போனார் என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அழவில்லை. வியர்வையைத்தான் துடைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடம் பக்கம் போகாதவள். ஆனால் 1966க்கும் 1979க்கும் நடுவில் பதினோரு தடவை எங்கள் தெருப் பெண்களை பஸ் வைத்துக் கூட்டிக்கொண்டு போய்க் கடற்கரை ஊர்களையெல்லாம் காட்டினாள். புதுச்சேரியில் போலீஸ்காரர்களின் சிவப்புத் தொப்பி, தரங்கம்பாடிக் கோட்டை, நாகூர் தர்கா, வேளாங்கண்ணி, பிச்சாவரத்துப் படகு எல்லாம் அவள் காட்டித்தான் நாங்கள் பார்த்தோம். அதற்கெல்லாம் முதல் பயணம் சரியாக முடிய வேண்டியிருந்தது. அது முடிந்த விதம் எனக்குத்தான் முழுசாகத் தெரியும். அதில் நடந்த தப்பு என்னுடையது.

எங்கள் ஊர் ஆண்கள் மாதம் தவறாமல் மெட்ராஸ் போவார்கள், நெய்த புடவையைக் கடையில் கொடுக்க. பெண்கள் போனதில்லை. நாற்பத்தைந்து மைலில் கடல் இருக்கிறது. எழுபது வயது பெரியநாயகி அதுவரை பார்த்த பெரிய தண்ணீர், பாலாற்றில் எப்போதோ வந்த வெள்ளம்தான். கங்கையம்மாளின் கொழுந்தன் பரசுராமன் பன்னிரண்டு வருஷமாக மெட்ராஸ் போய்வருகிறவர். அவரிடம் கேட்டால் ஒரே பதில்தான்.

"அதெல்லாம் சொன்னா புரியாது அண்ணி. நேர்ல பாக்கணும்."

"அதான் பாக்கலாம்னு இருக்கேன்," என்றாள் ஒரு நாள்.

அமாவாசையன்று தறி ஓடாது. ஆண்கள் படுத்துத் தூங்குவார்கள். அந்த ஒரு நாளைப் பெண்களுக்குக் கொடுங்கள் என்று தெருப் பெரியவர் பூவராகவனிடம் போய்க் கேட்டாள். அவர் மூக்குப்பொடியை உதறிவிட்டு யோசித்தார். தெருவில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"போங்க. வாணாம்னு சொல்லல. விளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள திரும்பிடணும். போன தலை அத்தனையும் வரணும். வழி தெரியலன்னு நடுவுல எந்த ஆம்பளையாவது வந்து கூட்டிக்கினு வர மாதிரி ஆச்சுன்னா, இதோட சரி. அப்புறம் ஆம்பளைங்க எப்ப கூட்டிக்கினு போறாங்களோ அப்ப போங்க."

"டிரைவரு ஆம்பளைதானே மாமா?"

"அவன் வண்டியோட சேத்தி."

ஆம்பளைகள் எப்போது கூட்டிக்கொண்டு போவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பெரியநாயகிக்கு இன்னொரு எழுபது வயது ஆகும்போது.

எட்டு மாதம் வழி விசாரித்தாள் கங்கையம்மாள். கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர், மகளைத் திருவல்லிக்கேணியில் கட்டிக்கொடுத்தவர், வளையல்காரன், கண்டக்டர் என்று ஒருவரையும் விடவில்லை. "ஒரு காகிதத்தில் எழுதித் தருகிறேன் அக்கா" என்றேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள், தெருவுக்கே கடிதம் எழுதுகிறவள்.

"காகிதத்துல இருந்தா நான் உன் மூஞ்சியைப் பாத்துக்கினு நிக்கணும்," என்றாள். "நூல்ல இருந்தா எனக்கே தெரியும்."

அப்படித்தான் செய்தாள். கழிவு நூலில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிறம். பூந்தமல்லிக்கு மல்லிகை வெள்ளை. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் புகைக் கருப்பு. மியூசியம் செங்கல் கட்டடமாம், அதனால் சிவப்பு. மவுண்ட் ரோட்டுப் பதினாலு மாடிக்கு நிறமே இல்லை, வெறும் நூலில் பதினாலு முடிச்சு. பீச்சுக்கு நீலம். சாந்தோம் சர்ச்சுக்குச் சரிகைத் துண்டு. அடையாறு ஆலமரத்துக்குப் பச்சை, மகாபலிபுரத்துப் பாறைக்குச் சாம்பல், திருக்கழுக்குன்றம் மலைக்குக் காவி. எல்லாவற்றையும் வரிசையாக முடிந்து, வெள்ளை நுனி வெளியில் இருக்கும்படி ஒரு தார்க்குச்சியில் சுற்றி வைத்தாள். பூந்தமல்லி வழியாகப் போய், மெட்ராஸ் பார்த்து, மகாபலிபுரம் போய், செங்கல்பட்டு வழியாக வீடு. பெரிய வட்டம். நூலைப் பிரிக்கப் பிரிக்க அடுத்த ஊர் வரும். அந்த இடத்துக்குப் போய் அடுத்ததற்கு வழி கேட்டுக்கொள்வது. நூல் இருக்கிற தைரியத்தில் அவள் வரிசையை மனசில் வைத்துக்கொள்ளவே இல்லை.

பயணத்துக்கு முதல் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியில் புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்தாள். ராட்டினத்தின் பக்கத்தில் அந்தக் குச்சி கிடந்தது. முடிச்சு முடிச்சாக இருந்ததால் நூல் தொளதொளவென்று நின்றது. எங்கள் தெருவில் பிறந்த பெண் எவளும் தளர்ந்த தாரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். கை தானாகப் போகும். பேசிக்கொண்டே வேறு குச்சியில் இறுக்கமாக, அழகாகச் சுற்றி அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு குச்சியிலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றினால் வெளியே இருந்த நுனி உள்ளே போகும், உள்ளே இருந்த நுனி வெளியே வரும். ஆறு வயதிலிருந்து தார் சுற்றியவளுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

தை அமாவாசை, வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்னால் வண்டி வந்தது. ஆர்க்காட்டு நவாப் முதலில் ஓட்டிவிட்டு அலுத்துப்போய்க் கழித்துவிட்ட வண்டி அது என்பது என் கணிப்பு. டிரைவர் வீராசாமி ஓரிக்கைக்காரர். செங்கல்பட்டு ரூட்டைத் தாண்டி ஓட்டாதவர். முப்பத்திரண்டு பெண்கள் ஏறினோம். கங்கையம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்து நூலைப் பிரித்தாள். காவி வந்தது.

"மலை. திருக்கழுக்குன்றம்," என்றாள்.

வீராசாமி திரும்பிப் பார்த்தார். "மெட்ராஸ்னு சொன்னாங்களேமா? அதுக்குப் பூந்தமல்லி பக்கம்ல போவணும்?"

"மெட்ராஸ் எங்கயும் ஓடிடாது. நூல் மலைன்னு சொல்லுது. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"செங்கல்பட்டு வழிதான், கண்ணை மூடிக்கினு போவேன்."

"தொறந்துக்கினே போப்பா."

வாயைத் திறந்து "அக்கா, நூல் திரும்பிப்போச்சு" என்று சொல்லப் போனேன். அதற்குள் பக்கத்தில் இருந்த கிருஷ்ணவேணி என் கையைப் பிடித்தாள். பரசுராமனின் மனைவி, கங்கையம்மாளுக்கு ஓரகத்தி.

"அக்கா, பூந்தமல்லி எப்ப வரும்?"

"ஏண்டி கேக்குற?"

அவள் காதோடு சொன்னாள். பரசுராமன் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பூந்தமல்லிக்குப் போயிருக்கிறாராம். இந்தப் பெண்கள் அங்கேயே வழி தெரியாமல் திண்டாடுவார்கள், நான் ஏறிக்கொண்டு மெட்ராஸைச் சுற்றிக் காட்டிக் கூட்டி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். "நல்லதுக்குத்தான் அக்கா போயிருக்காரு," என்றாள் பாவம்.

நல்லதுக்குத்தான். ஆனால் அவர் எங்கள் வண்டிப் படியில் கால் வைத்தால் அந்த நிமிஷமே பூவராகவனின் நிபந்தனை முறிந்துவிடும். அப்புறம் எந்த அமாவாசைக்கும் பஸ் கிடையாது.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். வண்டி செங்கல்பட்டுப் பக்கம் திரும்பியது. என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்து செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

திருக்கழுக்குன்றத்தில் விடிந்தது. மலைக்கோயிலில் சோறு தின்ன வருகிற கழுகு மத்தியானம்தான் வருமாம். கங்கையம்மாள் பூக்காரியிடம், "கழுகுக்கு மணி எப்படிம்மா தெரியுது?" என்று கேட்டாள். பூக்காரி இத்தனை வருஷத்தில் அதை யோசித்ததே இல்லையாம். நாங்கள் வண்டி ஏறும்போதும் மலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மகாபலிபுரத்தில் அமாவாசைக் கூட்டம் கடலில் முழுகிக்கொண்டிருந்தது. சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கடல் தெரிந்தது. முப்பத்திரண்டு பெண்கள் சேர்ந்தாற்போல் பேச்சை நிறுத்தியதை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கேட்டதில்லை. பெரியநாயகிதான் முதலில் பேசினாள்.

"யாருடி இதை இப்படி ஆட்டிக்கினே இருக்கறது?"

கைகோத்துக்கொண்டு வரிசையாக இறங்கினோம். அலை வந்து பெரியநாயகியைத் தூக்கிக் கடற்கரைக் கோயில் மதில் மேல் உட்கார வைத்தது என்று நான் சொல்லி வருவது உண்டு. எழுத்தில் வேண்டாம். இடுப்பளவுதான் நனைந்தாள். ஆனால் விழுந்து எழுந்ததும், "இன்னொரு தபா வரச் சொல்லு" என்று கடலைப் பார்த்துச் சொன்னது சத்தியம். ஈரப் புடவையை வெயிலில் காயவிட்டபடி பாறைச் சிற்பங்களைப் பார்த்தோம். தவம் செய்கிற பூனையைக் காட்டி, "இது பூவராகவ மாமாவேதான்" என்றாள் வடிவாம்பாள். அவள் பூவராகவனின் சொந்த மனைவி என்பதால் நாங்கள் தைரியமாகச் சிரித்தோம்.

பச்சை நூலுக்கு அடையாறு வந்தது. அந்த ஆலமரத்தில் எது தாய்மரம் என்று தேடி ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விழுதைக் கட்டிக்கொண்டு நின்றாள். அடுத்து சரிகைத் துண்டு. சாந்தோம் சர்ச்சில் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கும்பிட்டோம். வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் விழுந்து, தரையில் எங்கள் சாயத்தொட்டியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. திரும்பி வந்து வண்டியில் தலை எண்ணினேன். முப்பத்தொன்று.

மறுபடியும் எண்ணினேன். முப்பத்தொன்றுதான். காணாமல் போனது கங்கையம்மாள்.

போன தலை அத்தனையும் வரணும் என்று சொல்லியிருக்கிறார் பெரியவர். வழிகாட்டியின் தலையே இல்லை. சர்ச்சுக்குள் தேடினோம், ரோட்டில் தேடினோம். கிருஷ்ணவேணி அழ ஆரம்பித்தாள். "போலீஸ்ல சொல்லலாமா?" என்றார் வீராசாமி. போலீஸ்காரர் வந்தால் அவரும் ஆம்பளைதானே என்று வடிவாம்பாள் தடுத்தாள். அரை மணி நேரம் போயிற்று. வெயில் சாயத் தொடங்கியது.

கடைசியில் பெரியநாயகிதான் சொன்னாள். "அவ எங்க போவா? கேக்கறதுக்கு எவனாவது கெடைச்ச எடத்துல இருப்பா."

சர்ச்சுக்குப் பின்புறம் மீனவர் குப்பம். மணலில் சாய்த்து நிறுத்திய கட்டுமரத்தின் நிழலில் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். எதிரில் சம்மணம் போட்டுக் கங்கையம்மாள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்த முடிச்சை உங்க ஊருக்கு யாருமா கத்துக்கொடுத்தது?" என்றார் அவர்.

"உங்க குப்பத்துக்கு யாரு கத்துக்கொடுத்தது? அதைச் சொல்லு முதல்ல."

என்னைப் பார்த்ததும் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "இங்க பாருடி. யேசுதாஸ், திரும்பப் போடு."

யேசுதாஸ் வலைக்கண்ணில் ஒரு முடிச்சுப் போட்டார். அவள் தன் இடுப்பில் செருகியிருந்த பட்டு நூலை அறுத்து, தறியில் அறுந்த இழையை நாங்கள் இணைக்கிற முடிச்சைப் போட்டாள். பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒன்று. அவருடையது சுண்டுவிரல் மொத்தம், எங்களுடையது எறும்புத் தலை அளவு. போகிற வழி, மடிக்கிற வழி, இழுக்கிற வழி எல்லாம் ஒன்றேதான்.

"நாப்பத்தஞ்சு மைல் தள்ளி, நாம மீனும் புடிக்கறதில்ல, இவங்க பட்டும் கட்டறதில்ல. முடிச்சு மட்டும் எப்படிடி ஒண்ணா இருக்குது?"

அன்றைக்கு எனக்கு இருந்த கவலையெல்லாம் சூரியன் எங்கே இருக்கிறது என்பதுதான்.

அதற்கப்புறம் மெட்ராஸ் வேகமாக ஓடிற்று. பீச்சில் சுண்டல் வாங்க மட்டும் நின்றோம். மீன் காட்சி சாலையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மீன் கங்கையம்மாளைப் பார்த்தது, இவள் அதைப் பார்த்தாள். இழுத்துக்கொண்டு வந்தோம். பதினாலு மாடியை வண்டியில் இருந்தபடியே எண்ணினோம். சிலருக்குப் பதிமூன்று, சிலருக்குப் பதினாறு. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையாம். வாசல் காவலாளியிடம் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள் கங்கையம்மாள். அவர் திமிங்கல எலும்பிலிருந்து நடராஜர் வரை ஒப்பித்தார். நாங்கள் கம்பிக்கு வெளியே நின்றபடி மியூசியம் பார்த்து முடித்தோம். சென்ட்ரலில் புகை. அப்புறம் நூலில் மிச்சம் இருந்தது வெள்ளை மட்டும்.

அதைக் கங்கையம்மாள் விரலில் சுற்றினாள். நெற்றி சுருங்கிற்று.

"முதல்ல வெள்ளைதானே முடிஞ்சேன்... இதை யாரு மறுபடி சுத்தினது?"

நான் கையைத் தூக்கினேன். வண்டியில் எல்லோரும் பார்த்தார்கள். பரசுராமன் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். கிருஷ்ணவேணி தலையைக் குனிந்துகொண்டாள். கங்கையம்மாள் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இறுக்கமாத்தான் சுத்தியிருக்க," என்றாள்.

பூந்தமல்லிப் பூக்கடை ஓரத்தில் பரசுராமன் நின்றுகொண்டிருந்தார். விடிகாலையிலிருந்து. சட்டையில் புழுதி, கையில் வாடிப்போன நாலு முழம் மல்லிகை. எங்கள் வண்டி பட்டணத்துப் பக்கமிருந்து வருவதைப் பார்த்துப் பேயைக் கண்டவர் மாதிரி ஆனார். காஞ்சிபுரம் சாலையைப் பார்த்தபடியே பகல் முழுக்க நின்றவர் ஆயிற்றே. வீராசாமி வண்டியை நிறுத்தினார்.

"என்ன தம்பி, இந்தப் பக்கம்?" என்றாள் கங்கையம்மாள்.

"சும்மா... பூ வாங்கலாம்னு."

"காலையிலேர்ந்து வாங்கிக்கினே இருக்கீங்களா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் காது சிவந்தது. "நானும் ஊருக்குத்தான். ஏறிக்கவா அண்ணி?"

ஏற்றினால் ஆபத்து. ஆனாலும் பட்டினி கிடந்த மனிதரை ரோட்டில் விட்டுவிட்டு எப்படிப் போவது? படியில் நிற்கச் சொன்னாள். கிருஷ்ணவேணி மிச்சமிருந்த புளிச்சோற்றை நீட்டினாள். அவர் நின்றபடியே சாப்பிட்டார்.

பிள்ளையார்பாளையத்தில் வண்டி நின்றபோது வீடுகளில் விளக்கை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், இன்னும் ஏற்றவில்லை. தெரு ஆண்கள் முழுக்க நின்றார்கள். முன்னால் பூவராகவன். படியில் இருந்ததால் முதலில் இறங்கியது பரசுராமன். பெரியவரின் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அப்படியா சேதி! நீதான் கூட்டிக்கினு வந்தியாப்பா? நான் அப்பவே சொல்லல?"

பரசுராமன் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆண்கள் அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். நாங்கள் கத்தினாலும் அது பெண்களின் சத்தம்தான். கங்கையம்மாள் மெதுவாக இறங்கினாள். சண்டைக்குப் போகவில்லை. தன் வழக்கப்படி ஒரு கேள்வி கேட்டாள்.

"தம்பி, மாமாவுக்கு நீங்களே சொல்லுங்க. கடல் எப்படி இருந்தது?"

அவர் அவளைப் பார்த்தார். தன் மனைவியைப் பார்த்தார். தெரு காத்திருந்தது.

"எனக்குத் தெரியாது அண்ணி," என்றார். "நான் கடலைப் பாத்ததே இல்ல."

"பன்னெண்டு வருஷமா போற வர, என்னாப்பா சொல்ற?" என்றார் பூவராகவன்.

"பஸ்ஸை விட்டு எறங்குனா நேரா புடவைக் கடை. கடையை விட்டா நேரா பஸ். மூட்டை கையில இருக்கும் மாமா, எங்க போறது? இன்னிக்கி இவங்களைக் கூட்டிக்கினு போற சாக்குல நானும் பாத்துடலாம்னுதான் பூந்தமல்லியில நின்னேன். இவங்க எல்லாத்தையும் பாத்துட்டு எதுக்கால வராங்க. நான் கூட்டிக்கினு வரல. இவங்கதான் என்னைக் கூட்டிக்கினு வந்தாங்க."

கூட்டத்தில் இருந்த ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாதா மாதம் மெட்ராஸ் போகிறவர்கள். கங்கையம்மாளின் கணவர் ராமலிங்கம் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை பேர் முகத்திலும் அதே புடவைக் கடை, அதே பஸ் ஸ்டாண்டு.

"நெசமாவே உப்பா இருக்குமா?" என்று பரசுராமன் கேட்டார், யாரிடம் என்றில்லாமல்.

கிருஷ்ணவேணி தன் முந்தானை நுனியை நீட்டினாள். மகாபலிபுரத்தில் நனைந்து வெயிலில் காய்ந்து விறைத்த நுனி, வெள்ளை பூத்திருந்தது. அவர் அதை வாங்கி நாக்கில் தொட்டுப் பார்த்தார். தெருவே அவர் வாயைப் பார்த்தது. அவர் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.

பூவராகவன் தொண்டையைக் கனைத்தார். பிறகு தன் மனைவி பக்கம் திரும்பி, "வடிவு, உன் முந்தானை எங்க, காட்டு," என்றார்.

அதற்குள் தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. பெரியவர் உப்பைச் சப்புக்கொட்டியபடி, அடுத்த பெரிய அமாவாசை ஆடியில் வருகிறதே, எந்தப் பக்கம் போவதாக யோசனை என்று கங்கையம்மாளைக் கேட்டார்.

"விசாரிச்சுச் சொல்றேன் மாமா," என்றாள் அவள்.